ஐந்து விரலும் ஆறு பேரும்

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் ஊராருக்கெல்லாம் ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தார். என்னிடம் தமிழில்கூடச் சரியாகப் பேசியதில்லை. எங்களுக்குள் சண்டை எல்லாம் கிடையாது. செருப்புக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் காலையும் மாலையும் வகுப்பு. கப்பலில் பரிமாறப் போகிற பையன்கள், வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்சுகள், ஓட்டல் வரவேற்பறையில் நிற்கப் போகிறவர்கள் என்று அத்தனை பேருக்கும் தொண்டை கிழியக் கத்துவார். வீட்டுக்கு வரும்போது வாயைக் கழற்றி அங்கேயே மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் போல இருப்பார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் கை கழுவுவார். "நீ சாப்டியா" என்று ஒரு வார்த்தை, ஒப்புக்காவது, கேட்டதே இல்லை. வாசலில் பால் பாக்கெட் போடுகிறவர்கூட அதை என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஊரே அவரை வாத்தியார் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே கூப்பிடுவேன், கொஞ்சம் குத்தலாக.

அவருடைய பாடம் கையில்தான் ஆரம்பிக்கும். ஸ்பானிஷில் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஆறு பேர் உண்டாம். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஆளுக்கு ஆள் சொல்லின் வால் மாறும். நாம் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய் என்று சொல்வதில்லையா, இதில் என்ன கொம்பு முளைத்திருக்கிறது என்று நான் நினைத்ததுண்டு. அவர் வலது கையைத் தூக்கிப் பிடிப்பார். கட்டைவிரல் நான், ஆள்காட்டிவிரல் நீ, நடுவிரல் அவன், மோதிரவிரல் நாங்கள், சுண்டுவிரல் நீங்கள். ஐந்து விரலும் தீர்ந்த பிறகு ஆறாவதாக ஒருவர் நிற்கிறாரே, அவருக்கு? கையை இறுக மூடி முஷ்டியாக்கிவிடுவார். அதுதான் 'அவர்கள்'. மற்றவர்கள் என்றாலே அவருக்குக் குத்துதான் என்று நான் மகளிடம் சொல்லிச் சிரிப்பேன். நான் அவரை நீங்க என்று கூப்பிடுவதால் என் பங்குக்கு அவர் சுண்டுவிரல். அவருக்கு நான் ஆள்காட்டிவிரல். அந்த விரல் என் பக்கம் நீண்டதெல்லாம் உப்புக் குறைந்த நாட்களில்தான்.

வினைச்சொற்களில் ஒழுங்காக நடப்பவை உண்டு, ஒழுங்கு கெட்டவை உண்டு. ஒழுங்கானவற்றுக்கு அவர் வைத்த பெயர் சமர்த்து வினை. மற்றதெல்லாம் ரௌடி. புதிதாகச் சேருகிறவர்கள் சில மாதம் சமர்த்துகளைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. சமர்த்துகளில் மூன்று குடும்பம். ஆர் என்று முடிகிறவை, ஏர் என்று முடிகிறவை, ஈர் என்று முடிகிறவை. ஒரு குடும்பத்தில் ஒன்று தெரிந்தால் மிச்ச அத்தனையும் அதே போலத் தலையாட்டிக்கொண்டு வரும். வகுப்பே விரல் விரலாக நீட்டி ஆறு தரம் ஓதி முஷ்டியில் முடிக்கும். கீழே செருப்புக் கடைக்காரர், "மேல ஏதோ போராட்டம் நடக்குதுன்னு நெனச்சு ஆளுங்க உள்ள வராம போறாங்க சார்" என்று புகார் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

பேச்சு போனது என்றுதான் நினைத்தோம். அந்த ஆஸ்பத்திரியில் அவரிடம் முன்பு படித்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். கண் கலங்க அவர் கட்டிலருகே வந்து நின்றாள். கட்டைவிரலை நீட்டி, "ஆப்லோ" என்றாள். நான் பேசுகிறேன் என்று அர்த்தம். வகுப்பில் முதல் நாள் முதல் பாடம். அவ்வளவுதான். கோணிப்போன அந்த வாய் திறந்தது.

"ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான்."

அட்சரம் பிசகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். மகள் அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ வயிறு எரிந்தது. என் பெயர் வரவில்லை. பெற்ற மகளின் பெயர் வரவில்லை. தண்ணீர் என்ற சொல் வரவில்லை. ஆப்லாமோஸ் மட்டும் வருகிறதா உனக்கு என்று மனதுக்குள் அவரை ஒருமையில் திட்டினேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் பேச்சு டாக்டர். நல்ல பெண், என் மகளைவிடச் சின்னவள். அவள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, இது பேச்சு இல்ல. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறோம், வாய்ப்பாடு ஒப்பிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. ஆயிரம் தடவை சொன்னது நாக்குலயே தங்கிடும். முதல் வார்த்தைய யாராவது எடுத்துக் கொடுத்தா மிச்சம் தானா ஓடிடும். அதுல அவர் நினைக்கிறது எதுவும் இல்ல."

"பின்ன எதும்மா பேச்சு?"

"யாரும் எடுத்துக் கொடுக்காம, அவரா ஒரு வார்த்தை சொல்லணும். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லணும்."

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தேன். முப்பது வருடமாக வராத ஆசை. அவருடைய பழைய பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் கரண்டியோடு ஓதினேன். ரௌடிகள் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு வேண்டிய சமர்த்துகள் மட்டும். சாப்பிடுவதற்கு ஒன்று, குடிப்பதற்கு ஒன்று, திறப்பதற்கு ஒன்று. குடிப்பது பேபோ, பேபெஸ், பேபே என்று போகும். பல் முளைக்காத குழந்தை பேசுவது மாதிரி இருக்கிறதே வாத்தியாரே, இதற்கா காசு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளை வந்தால் கிண்ணத்தோடு அவர் எதிரே உட்கார்ந்து கட்டைவிரலைக் காட்டி, "கோமோ" என்பேன். நான் சாப்பிடுகிறேன். அவர் தொடர்வார். "கோமெஸ், கோமே, கோமெமோஸ், கோமெயிஸ், கோமென்." ஒரு விரலுக்கு ஒரு வாய். முஷ்டிக்கு வாய் துடைப்பு. இப்படியே நாட்கள் ஓடின. ஒரு நாள் நான் எதுவும் சொல்லாமல் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். அவராகவே ஆரம்பித்தார். "கோமோ." ஜன்னல் பக்கம் போய் நின்றேன். "ஆப்ரோ" என்றார், திறப்பதைச் சொல்கிற சொல். தண்ணீர் டம்ளரை எடுத்தால் "பேபோ."

மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா பேசறார்டி" என்றேன். அவள் அன்றைக்கே பஸ் ஏறி வந்தாள், பார்த்தாள், நம்பினாள்.

நம்பிக்கை எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இடுப்பில் விரிசல். இனி ஒரு குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு டாக்டர் வேலை பார்க்கிற பயிற்சி நிலையத்தின் கணக்கில் இருக்கும் நோயாளிகளுக்குத் தூக்கி வைக்க, குளிப்பாட்ட, தினமும் வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். ஆனால் முன்னேற்றம் இருப்பவர்களுக்குத்தான் அது. தானாக ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா என்று பார்ப்பார்கள். பேசினால் தொடரும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"எடுத்துட்டா அப்பா காப்பகத்துக்குத்தான்மா போகணும். நான் விசாரிச்சு வெச்சிருக்கேன், நல்ல இடம். என்னால வேலைய விட்டுட்டு வர முடியாது. உன்னால தூக்க முடியாது. நீயும் படுத்துட்டா நான் யாரைப் பார்ப்பேன்?" என்றாள் மகள். அவள் பேச்சில் தப்பு இல்லை. தப்பு இல்லாததுதான் எனக்குக் கோபமாக இருந்தது.

"அதெல்லாம் வேண்டியதே இல்ல. அவர் பேசுவார்" என்றேன்.

பரிசோதனை வெள்ளிக்கிழமை. அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டேன், வகுப்புக்குப் போகிறபோது போடுகிற வெளிர்நீலம். பேச்சு டாக்டரின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் வாயைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற படம். நான் அவர் எதிரே உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தேன். "கோமோ" என்றார், கடைசி வரைக்கும் சொன்னார். டம்ளரை எடுத்தேன். "பேபோ." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி என்பது போல பேச்சு டாக்டரைப் பார்த்தேன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். கிண்ணம் இடது கையில் இருந்தது. வலது கை மடியில். கட்டைவிரல் நீட்டிக்கொண்டு நின்றது.

"கிண்ணத்தை எடுக்கும்போதே விரல் எழும்புது. உதடும் குவியுது, கோ சொல்ற மாதிரி. டம்ளர்னா உதடு ஒட்டுது. உங்களுக்கே தெரியாது. அவர் அதைப் பார்த்துத்தான் தொடங்கறார்." அவள் குரல் தாழ்ந்தது. "அவருக்குப் பின்னால வந்து உக்காருங்கம்மா. கைய மடிச்சு வெச்சுக்குங்க."

பின்னால் போய் உட்கார்ந்தேன். கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். அவர் பிடரியும் சட்டைக் காலரும் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவள் கிண்ணத்தை வைத்தாள். ஒன்றுமில்லை. தண்ணீரை வைத்தாள். ஒன்றுமில்லை. ஜன்னலைத் தட்டினாள், பூவைக் காட்டினாள், பேனாவைக் காட்டினாள். தயவுசெய்து வாயைத் திறங்களேன் வாத்தியாரே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். பாவி மனுஷன், என்னைத் தேடினார். என் கையைத் தேடினார்.

"போதும்மா" என்றாள் பேச்சு டாக்டர். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கலாம்."

ஆறு மாதம் அவரை யார் தூக்குவார்கள்? நான் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இத்தனை நாளும் அவர் என்னோடு பேசுகிறார் என்று பூரித்துப்போயிருந்தேன். நானே கேள்வியும் நானே பதிலுமாக இருந்திருக்கிறேன். அவர் பாட்டுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். கல்யாணமான நாள் முதல் நடந்ததும் இதுதானே என்று தோன்றியபோது, வீட்டுக்குத் திரும்புகிற வேனிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் காப்பகத்துக்குப் பேசிவிட்டாள். திங்கட்கிழமை காலை வண்டி வரும் என்றார்கள். சனிக்கிழமை முழுக்க அவருடைய துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். வெளிர்நீலச் சட்டையையும் வைத்தேன். அங்கே யார் இஸ்திரி போடப் போகிறார்கள் என்று எடுத்தேன். பிறகு மறுபடி வைத்தேன். அன்றைக்கு நான் அடுப்பில் வைத்ததெல்லாம் அவருக்குத்தான். எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குழைய வேகவைத்து மசித்த சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவர் இடது பக்கமாக உட்கார்ந்தேன். இனிமேல் விரல் வித்தை எதுவும் வேண்டாம் என்று கரண்டியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். வாயையும் மூடிக்கொண்டேன். முதல் வாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, அடமா? நாளைக்கு அங்க போய்ப் பிடிங்க அடம். அவங்க என்னை மாதிரி தாங்க மாட்டாங்க."

மறுபடி கரண்டியை நீட்டினேன். நல்ல கையான இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கரண்டி தரையில் விழுந்தது. கோபம் மூக்குக்கு மேலே ஏறி நான் கையை இழுத்தேன். அவர் விடவில்லை. என் முஷ்டியை விரல் விரலாகப் பிரிக்கிற மாதிரி நெம்பி, ஆள்காட்டிவிரலை மட்டும் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கோமெஸ்" என்றார்.

நான் மிச்சத்துக்குக் காத்திருந்தேன். கோமே வரவேண்டும், கோமெமோஸ் வரவேண்டும். வரவில்லை. பழக்கதோஷத்தில் என் நடுவிரல் தானாக நீண்டது. அவர் அதை அழுத்தி மடக்கிவிட்டார். கிண்ணத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஆள்காட்டிவிரலை ஒரு தரம் மெல்ல ஆட்டினார்.

"கோமெஸ்."

நீ சாப்பிடுகிறாய். நீ சாப்பிடுகிறாயா. நீ சாப்டியா. எதுவாக இருந்தால் என்ன, எனக்குப் புரிந்தது. முந்தின நாளிலிருந்து நான் பட்டினி என்பது இந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

தரையில் கிடந்த கரண்டியை எடுக்கத் தோன்றவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துவிட்டு, அவர் பிடிக்காத இடது கையாலேயே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உப்பே இல்லாத சோறு, கண்ணீர் போய்ச் சேர்ந்தது. மென்று விழுங்கிவிட்டு என் கட்டைவிரலை நீட்டி, "கோமோ" என்றேன்.

முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் அவர் ஓடத் தொடங்கிவிடுவார். ஆஸ்பத்திரியில், வீட்டில், பேச்சு டாக்டரின் அறையில், எங்கே கொடுத்தாலும் முஷ்டி வரைக்கும் போய்த்தான் நிற்பார். இன்றைக்கு ஓடவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டினார். விரலை விட்டார். பிறகு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

நான் போனை எடுத்தேன். மகளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் திருப்பியதை, கையைப் பிடித்ததை, ஒரே ஒரு சொல்லோடு நிறுத்தியதை, நான் பதில் சொன்னதை. மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அம்மா" என்றாள் மகள், ரொம்ப அன்பாக. "நீ விரலைக் காட்டினியா?"

அவர் பிடித்திருந்தது யாருடைய விரல்? கிண்ணம் யார் கையில் இருந்தது?

"விரல் என்னுதுதான்" என்றேன்.

"சரிம்மா. பரவாயில்ல. நீ கொஞ்ச நேரம் படு. காலைல நான் வந்துடறேன்."

பேச்சு டாக்டருக்குப் போன் செய்ய எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவளும் என் கையைத்தான் கேட்பாள். அவளை எப்படிக் குறை சொல்வது? நானே அவள் இடத்தில் இருந்தால் என்னை நம்ப மாட்டேன்.

திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் பலசாலி. வாத்தியாரை ஒரு குழந்தையைப் போல அள்ளிச் சக்கர நாற்காலியில் வைத்தார். மகள் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டைப் பிடித்து நின்றாள்.

"பேசுவாராம்மா?" என்று அந்தப் பெரியவர் என்னைக் கேட்டார்.

"சும்மா ஸ்பானிஷ்ல ஏதாவது வரிசையா சொல்வார். அர்த்தம் எதுவும் கிடையாது" என்று மகள் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்.

நான் பெரியவரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கோமெஸ்னு சொன்னார்னா, நீ சாப்டியான்னு கேக்கறார். உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பார். சாப்டேன்னு சொல்லிடுங்க. சொல்லலைன்னா அவர் சாப்பிட மாட்டார்."

"சரிம்மா, சொல்லிடறேன்" என்றார் அவர். மகளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சக்கர நாற்காலியோடு நெருக்கி நின்றால் என் இடுப்புக்கு ஆகாது என்று என்னை லிஃப்டில் ஏற வேண்டாம் என்றார்கள். கதவு மூடுகிற வரைக்கும் வாத்தியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.